நான்காம் படை மாடியேறிய வரலாறு

ஒரு நாட்டைக் காப்பதற்குத் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று படைகள் போதும் என நினைப்பவர்கள் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாய்க்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் பல்கலைக்கழகச் சாலை நெரிசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பியிருப்பார்கள். நான்காவது படை அங்கேதான் இருக்கிறது. ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டின் கீழ் அறையில், ஏர்கோன் குளிரில், இரவும் பகலும் கண் இமைக்காமல் நாட்டைக் காத்து நிற்கிறது. கண் இமைக்காததற்குக் கடமையுணர்ச்சி ஒரு காரணம். இமை இல்லாதது இன்னொரு காரணம்.

இந்தப் படையைத் திரட்டியவர் லோகேஸ்வரன். தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். கிடங்கில் அவருக்குக் கீழே இருப்பவர்கள் சிலர்தான். அவர்களும் அவர் சொன்னதைக் கேட்பதில்லை. வீட்டில் அவருக்குக் கீழே ஒரு பட்டாளமே உண்டு. ஒருவரும் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை, அவசர விடுப்பு கேட்டதில்லை, ‘மோட்டார் சைக்கிள் பஞ்சர் போஸ்’ என்று குறுஞ்செய்தி அனுப்பியதில்லை. தலைமைப் பண்பு என்பது எங்கே வெளிப்படும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒவ்வொரு வீரரும் ஒரு சாண் உயரத்துக்குச் சற்று அதிகம். சட்டைப் பொத்தான் உண்மையாகவே பூட்டும். இடைவார் உண்மையாகவே இறுகும். காலுறை மாற்றுவதற்கு மட்டும் புருவமுடி பிடுங்கும் இடுக்கி தேவைப்படும். அது செல்வராணியின் இடுக்கி. செல்வராணி லோகேஸ்வரனின் மனைவி; சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு விடியுமுன்பே பேருந்தில் போய்வருபவர். இடுக்கி நாட்டுக்காகப் போயிருக்கிறது என்பது அவருக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

வீரர்களைச் சுற்றி வாகனங்கள் நின்றன. ஜீப்புகள், பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்கள், பின்பக்கம் சங்கிலிச் சக்கரமும் முன்பக்கம் சாதாரணச் சக்கரமும் கொண்ட ஒரு கவச லோரி, கைக்குழந்தையின் தொட்டில் அளவுக்கு இரண்டு டாங்கிகள். இவற்றை யாராவது ‘பொம்மை’ என்று சொல்லிவிட்டால் லோகேஸ்வரன் கோபப்பட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, இவருக்கு என்ன தெரியும் என்று அவருக்காக வருத்தப்படுவார். சரியான சொல் ‘சிற்றுருவர்’. அதைத் தென்முனைச் சிற்றுருவப் படைச் சேகரிப்பாளர் மன்றம் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை விவாதித்துக் கண்டுபிடித்தது.

மன்றம் மாதம் ஒருமுறை பெர்மாஸ் ஜெயாவில், ஜஹாங்கீர் பாயின் உணவகத்தில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் கூடும். பாய்தான் ஜெனரல். மன்றத்திலேயே மிகப்பெரிய டாங்கி அவருடையது என்பதால் அந்தப் பதவி. கூட்டத்துக்குத் தே தாரேக் தேநீரும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் அவர் செலவு என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கைப்பேசி உறை விற்கும் ரூபேந்திரன் கர்னல். ஆய்வுத் துறைப் பொறுப்பாளரும் அவரே. லோகேஸ்வரன் வெகு காலமாக மேஜர். லெப்டினன்ட் கர்னல் ஆவதற்கு ஏதாவது ஒரு வீரச்செயல் தேவைப்பட்டது. அமைதிக் காலத்தில் அது எளிதல்ல.

அமைதியைக் குலைத்தது ஒரு முழங்கால்.

முழங்காலின் உரிமையாளர் ஐயாசாமி, செல்வராணியின் அப்பா. கூலாய்ப் பக்கம் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மூட்டு தேய்ந்து, அறுவைசிகிச்சை செய்து, மகள் வீட்டில் தேறட்டும் என்று அனுப்பப்பட்டார். மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: சில மாதத்துக்குப் படி ஏறக்கூடாது.

“என்னங்க, அப்பாவுக்குக் கீழ் ரூம் வேணும்,” என்றார் செல்வராணி.

“எந்தக் கீழ் ரூம்?”

“இந்த வீட்டுல எத்தனை கீழ் ரூம் இருக்கு?”

“செல்வா, அங்க ஆளுங்க இருக்காங்க.”

“அவங்கள மேல அனுப்புங்க. அவங்களுக்குக் கால் வலிக்காது.”

“மேல ரூஃபு சூடு எவ்வளவு தெரியுமா? மூட்டெல்லாம் இளகிப் போயிரும்.”

“எங்கப்பாவுக்கு மூட்டையே மாத்தியிருக்காங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். அவருக்கு மாத்த முடிஞ்சிச்சு. இவங்களுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது.”

செல்வராணி கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லோகேஸ்வரன் அதை வாதத்தில் தோற்றவரின் மௌனம் என்று எடுத்துக்கொண்டார். பல போர்கள் இப்படிப்பட்ட கணிப்பில்தான் தொடங்கியிருக்கின்றன.

மன்றத்தின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

“மேஜர், நிதானமா சொல்லுங்க,” என்றார் ஜெனரல் ஜஹாங்கீர், கல்லாவில் ஒரு கண்ணை வைத்தபடி. “முகாமை யாரு கேட்கிறது?”

“மாமனார் பாய்.”

“ஆயுதம்?”

“கைத்தடி ஒண்ணு இருக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“கால் சரியாகிற வரைக்கும்னு சொல்றாங்க.”

“அலமாக்,” என்றார் ரூபேந்திரன். “அப்படித்தான்லா சொல்லுவாங்க. எங்க வீட்டுல என் மச்சான் ரெண்டு நாள்னு வந்தான். இப்ப அவன் பேர்லதான் அஸ்ட்ரோ டிவி பில்லு வருது.”

உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்க மன்றம் விரும்பவில்லை. அறிவியல் வழியில் போவதென்று தீர்மானிக்கப்பட்டது. ஏற்கெனவே ஒரு கையை இழந்திருந்த வீரர் ஒருவர் ‘தன்னார்வலராக’ முன்வந்தார். அதாவது, லோகேஸ்வரன் அவரைத் தூக்கி முன்னால் வைத்தார். அவர் ஒரு மதியம் முழுக்க மேல் அறையில் சன்னல் ஓரம் உட்கார வைக்கப்பட்டார். மாலையில் பார்த்தபோது தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரூபேந்திரன் அதைப் பல கோணங்களில் படம் பிடித்து, ‘மேல்தளம் உயிர்வாழத் தகுதியற்றது’ என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அன்றே ஐயாசாமி மேல் அறையில் குடியமர்த்தப்பட்டார்.

முரண்பாடு எதுவும் இல்லை. அறிக்கை சிற்றுருவர்களைப் பற்றியது. பேருருவர்களைப் பற்றி மன்றம் கருத்துச் சொல்வதில்லை. அது அதன் துறையல்ல.

ஐயாசாமி படியில் உட்கார்ந்து, முதுகை மேல்நோக்கி வைத்து, கையை ஊன்றி ஊன்றி, படி படியாகப் பின்னோக்கி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மாப்பிள்ளையைப் பற்றி ஒவ்வொரு வார்த்தை சொன்னார். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர்களின் சொல்வளம் பெரிது. மன்றத்தின் மாண்பு கருதி அவை இங்கே தரப்படவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏன் மாப்ள, கீழ ஏர்கோன் ஓடிக்கிட்டே இருக்கே, அங்க யாரு, நோயாளியா?”

“காவல்ல இருக்காங்க மாமா.”

“எவன் வரப்போறான்னு காவல்?”

“யாரும் வராம இருக்கத்தான்.”

“நான் ஒருத்தன் வந்தேன். நல்லாத்தான் தடுத்துட்டாங்க.”

செல்வராணி ஒரு கெடு வைத்தார். தீபாவளி பலகாரமெல்லாம் தீர்ந்து, பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த நேரம் அது. “கிறிஸ்துமஸ் லீவுல நான் வீட்டுல இருப்பேன். அதுக்குள்ள கீழ் ரூம் காலியாகணும். இல்லைன்னா குப்பை லோரிக்காரனுக்குச் சொல்லி, உங்க ராணுவத்தை அவன்கிட்டயே ஒப்படைச்சிடுவேன். எங்கப்பா படியில குண்டி தேய்ச்சி ஏறுறத இனி என்னால பார்க்க முடியாது.”

இதைவிடத் தெளிவான போர்ப் பிரகடனம் வரலாற்றில் குறைவு. லோகேஸ்வரன் அதற்குப் பதிலாகக் கீழ் அறைக் கதவுக்கு ஒரு புதிய பூட்டு வாங்கினார்.

கெடுவுக்கு முன்னால் மழை வந்தது.

அந்தப் பருவத்தில் ஜொகூரில் மழை வருவது செய்தியல்ல. ஆனால் அது நாள் கணக்கில் நிற்காமல் பெய்தது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய் தன் வேலையை மறந்து ஆறாக மாறியது. செல்வராணி வழக்கம்போல் விடியுமுன் சிங்கப்பூருக்குப் போயிருந்தார். லோகேஸ்வரன் சாலை அடைபட்டதால் வேலைக்குப் போகவில்லை. காலைப் பசியாறலுக்கு மீ நூடுல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபோது, குளியலறைத் தரைத் துளை வழியாகத் தண்ணீர் குமிழ்விட்டு மேலே வந்தது. முன் வாசலைத்தான் எதிரி தாக்குவான் என்று அவர் அங்கே மணல்மூட்டை அடுக்கியிருந்தார். எல்லாம் சரியான அளவில், மோர்ட்டார் குழிகள் உட்பட. மூட்டைகள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.

உடனே தலைமையகத்தைத் தொடர்புகொண்டார்.

“பாய், தண்ணி உள்ள வந்திருச்சு.”

“டாங்கிகள் நிலைமை என்ன மேஜர்?” கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் ஜஹாங்கீரின் குரல் கேட்டது.

“கீழ் அடுக்குல இருக்கு.”

“டாங்கிதானே, தண்ணியைக் கடந்து போகும்ல?”

“அது நிஜ டாங்கி பாய்.”

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“மேஜர்,” என்றார் ஜெனரல் கடைசியில், “நீங்க பதற்றத்துல இருக்கீங்க. அதனால இந்த ஒரு தடவை அந்த ‘நிஜ’ங்கிற வார்த்தையை நான் கேட்கலைன்னு வச்சுக்கிறேன்.”

அந்தக் கண்டிப்பு லோகேஸ்வரனை நிமிர்த்தியது. மேல்தளம் உயிர்வாழத் தகுதியற்றது என்ற அறிக்கையை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். போர்க்களத்தில் அறிக்கைக்கு இடமில்லை. கீழ் அறையைத் திறந்தார். பிரச்சினை ஒன்றுதான்: கீழே இருந்து மேலே, மேலே இருந்து கீழே என்று ஒற்றை ஆளாய் ஓடினால் தண்ணீர் முந்திவிடும். மாடியில் நின்று வாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். மாடியிலோ, அறுவைசிகிச்சை செய்த காலோடு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார். மாமனாரை மாடியில் வைத்தது எவ்வளவு தொலைநோக்கான முடிவு என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

“மாமா, படி முனைக்கு வாங்க.”

“என்ன மாப்ள, பஞ்சிரா? வெள்ளம் உள்ள வந்திருச்சா?”

“ஆமா மாமா. பிடிங்க.”

ஐயாசாமி கைத்தடியை ஓரம் சாத்திவிட்டு, கைப்பிடியில் சாய்ந்து, முதல் பெட்டியைப் பிடித்தார். மகள் வீட்டுப் பொருள் நனையக்கூடாது என்ற எண்ணம்தான் அவருக்கு. பெட்டியை வாங்கி, ஒற்றைக் காலில் நொண்டி அறைக்குள் போய், வைத்துவிட்டு, நொண்டித் திரும்பினார். அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. தரை நிறைந்தது. அலமாரி மேல்பக்கம் நிறைந்தது. பிறகு கட்டில் நிறைந்தது.

“மாப்ள, இந்தப் பக்கம் என் தலகாணி இருக்கு.”

“அதுமேல ஜீப்பை வைங்க மாமா. மெத்துன்னு இருக்கும்.”

கீழே தண்ணீர் முழங்காலைத் தொட்ட நேரத்தில், தெருவில் படகு வந்தது. உண்மையான இராணுவத்தின் உண்மையான படகு. இடுப்பளவு நீரில் இரண்டு வீரர்கள் அதை இழுத்து வந்தார்கள். ஒருவர் வாசல் வழியாக உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். மார்பில் மனோகரன் என்று பெயர் தைத்திருந்தது, கார்ப்பரல்.

“உள்ள வயசானவங்க, நோயாளி யாரும் இருக்காங்களா சார்?”

“மேல மாமா இருக்காரு. நான் லோகேஸ்வரன். மேஜர்.”

கார்ப்பரல் பழக்கத்தில் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு மேஜரின் கையில் இருந்தவரைப் பார்த்தார். சிற்றுருவர், வான்குடைப் படை. முழுச் சீருடை, கண்ணாடி, சிறு கத்தி, பளபளக்கும் தோல் காலணி. கார்ப்பரல் தன் காலைத் தூக்கிப் பார்த்தார். வாய் பிளந்த காலணியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“நல்ல பூட்ஸு சார்,” என்றார்.

“கையால தைச்சது. ஈரம் பட்டா உரிஞ்சிரும்.”

“எங்களுக்கும் அப்படித்தான்.” கார்ப்பரல் படியில் ஏறி, மேலே நின்றவரிடம் கைநீட்டினார். “வாங்கய்யா, முதுகுல ஏறிக்கோங்க. வெள்ள நிவாரண மண்டபத்துல டாக்டர் இருக்காரு, படுக்க இடம் இருக்கு.”

ஐயாசாமியின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. படியேறாமல் படுக்க இடம் உண்டு என்று கேட்டு அவருக்கு வெகு காலமாகியிருந்தது. ஆனால் பதிலுக்குக் கைநீட்ட முடியவில்லை. இரண்டு கையிலும் டாங்கி இருந்தது.

“மாமா, அதைக் கீழ வச்சிராதீங்க,” என்றார் லோகேஸ்வரன். “கார்ப்பரல், ஒரு நிமிஷம். இவரைக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா மேல இருந்து வாங்குறது யாரு?”

“எதை வாங்குறது?”

“பாதிப் படை இன்னும் கீழ இருக்கே. சரி, படகுல பெட்டி ஏத்த முடியுமா?”

“ஆளுங்கள மட்டும்தான் சார் ஏத்துவோம்.”

“அப்ப மாமா அடுத்த ட்ரிப்ல வருவாரு.”

“அடுத்த ட்ரிப் வரும்னு சொல்ல முடியாது சார். தண்ணி இழுப்பு அதிகமா இருக்கு.”

லோகேஸ்வரன் ஒரு தளபதிக்கே உரிய கம்பீரத்தோடு யோசித்தார். வெள்ளம் கீழிருந்து மேலே வருவது. எனவே கீழே இருப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். மாமா மேலே இருக்கிறார். மாமாவுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் மிதக்கும் பொருள் எதையாவது பிடித்துக்கொள்ளத் தெரியும். டாங்கிக்கு அதுவும் தெரியாது.

“மாமா, அரை மணி நேரந்தான். நீங்க என்ன சொல்றீங்க?”

ஐயாசாமி மாப்பிள்ளையைப் பார்த்தார். கார்ப்பரலைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார்.

“தம்பி, பக்கத்து வீட்டுல பச்சப்புள்ள அழுவுற சத்தம் கேட்குது,” என்றார். “அதைப் போயித் தூக்கு. இங்க இவரு ஒருத்தர்தான் சின்னப்புள்ள. இவரை நான் பார்த்துக்கிறேன்.”

படகு போயிற்று. திரும்பி வரவில்லை.

நான்காம் படை, ஓர் உயிர்ச்சேதமும் இல்லாமல், முழுமையாக மாடியேறியது. கடைசிப் பெட்டியை வைத்தபோது அறையில் ஆள் நுழைய இடம் இல்லை. ஐயாசாமி வெளியே படி முனையில் உட்கார்ந்து, மடக்கக் கூடாத காலை நீட்டிக்கொண்டார். நீட்டிய பாதத்துக்குச் சில படிகள் கீழே தண்ணீர் வந்து நின்று யோசித்தது.

“நான் எங்க மாப்ள படுக்கிறது?”

“சாஞ்சுக்கோங்க மாமா. கைப்பிடி இருக்குல்ல.”

அப்படியே சாய்ந்து கிடந்தார். லோகேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்துபோன ஒரே ஒரு வீரரின் காலுறையைத் தன் சட்டையால் ஒற்றி ஒற்றிக் காயவைத்தார். அந்தக் காட்சியை யாராவது ஓவியமாக வரைந்திருந்தால் மனிதநேயம் என்று தலைப்பு வைத்திருப்பார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, மறுநாள் காலை செல்வராணி வந்து சேர்ந்தார். சிங்கப்பூர்ப் பாலத்தில் இரவெல்லாம் மாட்டிக்கொண்டு, பிறகு முழங்கால் சேற்றில் நடந்து வந்தவர். படி முனையில் அப்பா. அப்பாவின் முழங்கால், அவர் தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. தலையணை எங்கே என்று உள்ளே எட்டிப் பார்த்தார். அதன்மேல் ஜீப் நின்றது.

செல்வராணி கத்தவில்லை. அதனால் லோகேஸ்வரனுக்குப் பயம் வந்தது.

“அப்பாவுக்குக் கீழ் ரூம்,” என்றார்.

“சரி.”

“இன்னைக்கே.”

“சரி செல்வா. இன்னைக்கே.”

பாலத்தில் நின்ற நேரமெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் செல்வராணியின் வாயிலேயே நின்றுவிட்டன. “என்ன, உடனே சரின்னு சொல்றீங்க?”

“மனுஷன்னா ஒரு பாசம் வேணாமா,” என்றார் லோகேஸ்வரன்.

அடுத்த ஞாயிறு மன்றம் லோகேஸ்வரன் வீட்டிலேயே கூடியது. முதலில் ரூபேந்திரன் தன் பழைய ஆய்வைத் திருத்தினார். தன்னார்வலரின் தொப்பி சாய்ந்தது வெப்பத்தால் அல்ல, ‘தனிப்பட்ட பலவீனத்தால்’ என்று தெரியவந்திருப்பதாகவும், மேல்தளமே படைக்கு உகந்தது என்றும் சொன்னார். ஏர்கோன் ஏற்கெனவே கழற்றப்பட்டு மேலே மாட்டப்பட்டிருந்தது. கீழ் அறையில் சேற்றைச் செல்வராணி கழுவித் தள்ளியிருந்தார். அங்கே ஒரு மின்விசிறி, ஒரு கட்டில், கட்டிலில் ஐயாசாமி. கட்டிலுக்கு மேலே சுவரில், கழுவியும் போகாத ஒரு பழுப்புக் கோடு அறையைச் சுற்றி ஓடியது. படுத்திருப்பவரின் மூக்குக்கு ஒரு முழம் மேலே.

கட்டிலருகே ஜெனரல் ஜஹாங்கீர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“ஒரு படைத்தலைவன் தன் நிலத்தை எதிரிகிட்ட இழக்கலாம். ஆனா தன் மாமனாருக்காக மனசார விட்டுக்கொடுக்கிறது இருக்கே, அது தியாகம். இத்தனை வருஷம் படை இருந்த இடத்தை நம்ம மேஜர் ஒரு முதியவருக்குக் கொடுத்திருக்காரு. இந்த நிமிஷத்திலிருந்து அவரு லெப்டினன்ட் கர்னல்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கட்டியிருந்த ரொட்டி சானாய்ப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. புதிய லெப்டினன்ட் கர்னலின் கண் கலங்கியது. செல்வராணி தேநீர்த் தட்டோடு கதவருகே வந்து நின்றார்.

வெளியே மறுபடியும் தூற ஆரம்பித்தது. ஐயாசாமி சன்னலைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, திரும்பவும் தண்ணி வந்தா?”

லோகேஸ்வரன் கட்டிலில் உட்கார்ந்து, மாமனாரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா,” என்றார். “மேல எல்லாரும் பத்திரமா இருப்பாங்க.”